கழற்றிய இலக்கத் தகடு

வாகனங்களுக்குப் பொலிஷ் போடும் நளீர், இலக்கத் தகடுகளை முதலில் கழற்றிவிடுவான். அடியில் படிந்த அழுக்கு அப்போதுதான் போகும். அன்று ஒரு வெள்ளை வான் வண்டியில் தகடுகளைப் பூட்டுவதுதான் மிச்சம். அதற்குள் அதை எடுக்க மயூரதனும் அவனுடைய தாய் இரத்தினம்மாவும் வந்துவிட்டார்கள். வானைக் கண்டதும் தாய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏறுங்கோ அம்மா, எங்கடை வான்தானே," என்றான் மயூரதன்.

"உன்ரை அண்ணையைக் கடத்திக்கொண்டுபோன வெள்ளை வானிலையும் இலக்கம் இருக்கேல்லையடா. இருந்திருந்தா வாசிச்சிருப்பன்."

நளீர் முழந்தாளிட்டு அவசரமாகத் தகட்டைப் பூட்டினான்.

"இப்ப வாசியுங்கோ அம்மா."

இரத்தினம்மா ஒவ்வோர் இலக்கமாக விரலால் தொட்டு, இரண்டு தரம் வாசித்துவிட்டு ஏறினார்.

இப்போது நளீர் எந்தத் தகட்டையும் கழற்றுவதில்லை. பழைய பல் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேய்க்கிறான். மிஞ்சும் அழுக்கை அல்லாஹ் பொறுத்துக்கொள்வான் என்று நம்புகிறான்.