குளத்தைத் தூர்க்க விடாதவள்

கல்லூரி வளாகத்திலுள்ள இருபத்து மூன்று தூங்குமூஞ்சி மரங்களும் உளுத்துப்போனவை, எந்த நேரமும் சாயக்கூடியவை என்று தட்டச்சு செய்த தாள் ஒன்று மக்தலேனாவின் மேசைக்கு வந்தது. அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு பேனாவை மூடி இழுப்பறைக்குள் போட்டாள்.

அது 1966 ஜனவரி. ரங்கூனில், அலோன் பகுதியில், ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது அந்தக் கல்லூரி. மக்தலேனா அங்கே தாவரவியல் ஆசிரியை. துறைத்தலைவர் முந்தின வருஷம் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டதால் துறைப் பொறுப்பும் அவள் தலையில்தான். வயது முப்பத்தாறு. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா காலமான பிறகு, தங்கை ஜூடித்தும் அவளும் பக்கத்துப் பேட்டையான கெமண்டைனில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். மாணவர்களுக்கு அவள் 'சயாமா'. டீச்சருக்குப் பர்மியர்கள் சொல்கிற வார்த்தை அது.

தாளை எடுத்துக்கொண்டு நேரே நிர்வாக அதிகாரி ஊ சான் மியாவின் அறைக்குப் போனாள்.

"நான் பார்க்காததைப் பார்த்ததாக எப்படி எழுதுவது?" என்று பர்மியத்தில் கேட்டாள்.

ஊ சான் மியா கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக்கு வருஷத்துக்கு ஒரு புதுக் கட்டடமாவது காட்டியாக வேண்டும் என்ற கவலை அவருக்கு. விடுதிக்குப் பின்னால் இருக்கும் குளத்தைத் தூர்த்து அணிவகுப்பு மைதானமும், மரங்கள் நிற்கிற இடத்தில் லாரிக் கொட்டகையும் கட்டுவதாகத் திட்டம். உளுத்த மரம் என்று தாவரவியல் துறை எழுதிக்கொடுத்துவிட்டால் எந்தக் கேள்வியும் எழாது.

"அப்படியானால் பாருங்கள்" என்றார். "ஒரு வாரம் போதுமா?"

ஒரு வாரமும் அவள் மரங்களோடுதான் இருந்தாள். இரண்டாம் வருஷ மாணவி அம்சா கூட வந்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் புரியும், பேச்செல்லாம் பர்மியம். ஒவ்வொரு மரத்தையும் அடியிலிருந்து ஆள் உயரம்வரை மரச்சுத்தியலால் தட்டிக் கேட்டார்கள். சந்தேகம் வந்த இடத்தில் மெல்லிய துளைக்கருவியைச் செலுத்தி வந்த தூளைக் காகிதத்தில் பொதிந்து நம்பர் போட்டார்கள். இரண்டு மரங்களில் வந்த தூள் கறுத்து, ஈரமாய், நாற்றமடித்தது. மற்ற இருபத்தொன்றும் கல்லுப்போல இருந்தன.

அறிக்கையில் அதைத்தான் எழுதினாள். இரண்டை வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். இருபத்தொன்றைத் தொடக்கூடாது. கூடவே இன்னொரு பக்கம், யாரும் கேட்காத பக்கம்.

அது குளத்தைப் பற்றியது. முந்தின மழைக்காலம் முழுக்க அவள் குளத்தில் கோடு போட்ட மூங்கில் ஒன்றை நட்டு, காலையும் மாலையும் நீர்மட்டத்தைக் குறித்துவைத்திருந்தாள். முதலில் அது மாணவர்களுக்கான பயிற்சிதான். ஆனால் ஆகஸ்டில் ஒரு விஷயம் அவளுக்கு விளங்கியது. கடலின் ஏற்றம் ஆற்றுக்குள் ஏறி வரும்போது வளாகத்து வடிகால் வாய் அடைபட்டுவிடும். மழைத்தண்ணீர் வெளியேற முடியாது. ஏற்றம் வடியும்வரை அத்தனை தண்ணீரும் குளத்தில்தான் காத்துக்கிடக்கும். ஒரு நாள் நான்கு மணி நேரத்தில் இரண்டேகால் அடி உயர்ந்தது. குளம் இல்லையென்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், துறைமுகக் கூலிகளின் நாற்பது குடிசைகள் இருந்தன. அங்கேதான்.

ஊ சான் மியா முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் படிக்காமலே திருப்பி நீட்டினார்.

"இது கேட்கப்படவில்லை."

"கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் எழுதினேன்."

"சயாமா, உங்கள் ஆட்கள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறுகிறார்கள். இருக்கிறவர்கள் கொஞ்சம் அடக்கமாக இருந்தால் அவர்களுக்கே நல்லது."

மக்தலேனா தாளைத் திரும்ப அவர் மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் கெமண்டைனில் பிறந்தவள். என்னிடம் குடியுரிமைச் சீட்டு இருக்கிறது. கப்பல் சீட்டு இல்லை. அந்தப் பக்கத்தையும் கோப்பில் சேருங்கள்."

கோப்பில் என்ன சேர்ந்தது என்பது அவளுக்குத் தெரியாது. பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கோடரிச் சத்தம் கேட்டது. முதலில் விழுந்தவை அந்த உளுத்த இரண்டும்தான். சரி என்று இருந்தாள். மூன்றாவது மரத்தில் கோடரி இறங்கும் சத்தம் வேறு மாதிரி கேட்டதும் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தமிழர்கள். மேஸ்திரி வீரப்பன், சுவருக்கு அந்தப் பக்கக் குடிசைக்காரர். மரம் வெட்டவும் குளம் தூர்க்கவும் ஏலம் எடுத்தவன் அவர்களைத்தான் பிடித்து அனுப்பியிருந்தான். அவள் ஓடிவருவதற்குள் மூன்றாவதும் சாய்ந்துவிட்டது.

"வீரப்பண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க."

"டீச்சரம்மா, எங்களைச் சொல்லி என்ன ஆகப்போவுது? கப்பல் வரத்து குறைஞ்சுபோச்சு. பதினஞ்சு நாளா வேலையில்லாம கெடந்தோம். இப்பத்தான் அடுப்பு எரியுது."

"மரத்துக்காக மட்டும் சொல்லலை. என்கூட ஒரு நிமிஷம் வாங்க."

அவரைக் குளத்தருகே கூட்டிப்போனாள். கோடைத் தொடக்கத்தில் தண்ணீர் இறங்கி, மூங்கில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது. ஆகஸ்டில் தண்ணீர் நின்ற கோட்டைத் தொட்டுக் காட்டினாள். அது வீரப்பனின் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"இதைத் தூர்த்துட்டுத்தான் மைதானம் கட்டப்போறாங்க. இந்தத் தண்ணி அப்புறம் எங்க போகும்னு நீங்களே சொல்லுங்க."

வீரப்பன் சுவரைப் பார்த்தார். சுவருக்கு மேலே அவர் வீட்டுக் கூரை தெரிந்தது.

"போன ஆவணியில எங்க வீட்டுல கணுக்கால் தண்ணி. பிள்ளைங்களைக் கட்டில்மேல ஒக்கார வச்சோம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொளம் இருக்கும்போதே அப்படி."

திரும்பிப் போய்த் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். ஒருவன் முணுமுணுத்தான், இன்னொருவன் கோடரியைத் தரையில் வீசினான். பத்து நிமிஷத்தில் எல்லாரும் சுவரோரமாய் வெளியேறிவிட்டார்கள். அன்றைய கூலியை அவர்கள் வாங்கவில்லை.

ஏலக்காரன் சும்மா இருப்பானா? சனிக்கிழமை மிங்கலாடோனிலிருந்து வேறு ஆட்களையும், இடிந்த கட்டடத்துச் செங்கல் மண்ணோடு லாரிகளையும் கொண்டுவந்தான். மாலைக்குள் பதினொரு லாரி கொட்டியாகிவிட்டது. குளத்தின் வடக்கு ஓரம் மேடாகி, மூங்கில் அதற்குள் புதைந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மக்தலேனா வீட்டுக்குப் போகவில்லை. மாதா கோயிலுக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையும் பர்மிய லுங்கியுமாகக் கல்லூரிக்கு வந்து, தோட்டக்காரனின் அறையிலிருந்து மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டாள். மேட்டின் ஓரத்தில் நின்று வெட்டி, கூடையில் அள்ளி, தூக்கிக்கொண்டு நடந்தாள். காலை பத்து மணி வெயில். விடுதி ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன.

ஜூடித் பின்னாலேயே ஓடிவந்தாள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் தட்டச்சுக்காரி அவள். எந்தத் தாளில் எப்போது யார் பெயர் வரும் என்று பயந்தே பழகியவள்.

"அக்கா, போதும், வா. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தான் பகல்ல வந்தேன்."

"ஒருத்தியா இத்தனையும் அள்ளிடுவியா?"

"அள்ற வரைக்கும் அள்ளுவேன்."

"உன் வேலை போயிடும். என் வேலையும் சேர்ந்து போகும். அதை நெனச்சியா?"

மக்தலேனா கூடையை இறக்கினாள். தங்கையின் கண் கலங்கியிருப்பது தெரிந்தது. "நெனச்சேன், ஜூடி. நேத்து ராத்திரி பூரா அதைத்தான் நெனச்சேன். நீ வீட்டுக்குப் போ. நீ இங்க இருந்தேன்னு யாரும் சொல்லவேண்டாம்."

ஜூடித் போகவில்லை. கைப்பையை அணைத்துக்கொண்டு மர நிழலில் நின்றாள்.

மூன்றாவது கூடை எடுக்கும்போது அம்சா விடுதியிலிருந்து வாளியோடு வந்தாள். அவள் பின்னால் நான்கு பெண்கள். பிறகு ஆண்கள் விடுதியிலிருந்து பத்துப் பதினைந்து பேர், லுங்கியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு. மதியத்துக்குள் சுவரேறிக் குதித்து வீரப்பனும் அவர் ஆட்களும் வந்தார்கள். அவர்கள் வந்த பிறகுதான் வேலை வேலையாக நடந்தது. வரிசையாக ஆள் நிறுத்தி, கூடையைக் கைமாற்றி அனுப்புகிற வித்தை துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர்களுக்குத் தெரியாதா? குடிசைப் பெண்கள் ஒரு அண்டா நிறைய மோஹிங்கா, பர்மியர்களின் மீன்குழம்புச் சேமியா, காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். ஜூடித் கைப்பையைக் கிளையில் மாட்டிவிட்டு, கிண்ணங்களில் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

"இதையெல்லாம் எங்கே கொட்டுவது, சயாமா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

மக்தலேனா யோசித்தாள். "அலுவலக வாசலில். கார் நிற்கிற இடத்தில்."

வெயில் சாயும்போது குளத்தின் வடக்கு ஓரம் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது. கலங்கிய தண்ணீர் மெல்லத் தன் பழைய இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நிர்வாக அலுவலக வாசலில் ஆள் உயரத்துக்குச் செங்கல் மேடு.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊ சான் மியா ஓரத்தில் இருந்தார். எதிரே அவளுக்கு ஒற்றை நாற்காலி.

"யார் தூண்டினார்கள்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"யாருமில்லை."

"மாணவர்களின் பெயர்கள் வேண்டும். ஆற்றங்கரைக் கூலிகளின் பெயர்களும்."

"முதல் கூடை என்னுடையது. என் பெயர் மக்தலேனா. அதை எழுதிக்கொள்ளுங்கள். வேறு பெயர் என் வாயிலிருந்து வராது."

"அலுவலக வாசலில் குப்பையைக் கொட்டியது அவமதிப்பு இல்லையா?"

"அலுவலகம் வாங்கிய மண். அலுவலகத்திடமே ஒப்படைத்தோம். ஒரு கூடைகூட வெளியே போகவில்லை."

மூவரில் வயதானவர், நீர்ப்பாசனத்தில் என்ஜினீயராக இருந்தவர், அதுவரை பேசவில்லை. குளத்து அளவுகள் எழுதிய நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். அவள் கொடுத்தாள். ஆகஸ்ட் பக்கத்தில் விரலை வைத்து, அன்று ஆற்றில் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னாள். நோட்டை மூடித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

முடிவு மார்ச்சில் வந்தது. குளத்தைத் தூர்க்கும் வேலை மறு உத்தரவு வரும்வரை நிறுத்தம். லாரிக் கொட்டகை வாசல் பக்கம் கட்டப்படும். அதற்காக நான்கு மரங்கள் போகும். அவற்றை அவளால் காப்பாற்ற முடியவில்லை. மிச்சம் பதினாறு. மக்தலேனாவுக்கு பஸ்ஸீன் ஊர்ப் பள்ளி ஒன்றுக்கு மாற்றல். வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் மாற்றலை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஊ சான் மியாவே கூப்பிட்டுச் சொன்னார்.

"நாலு வரி போதும்" என்றார். "எனக்கும் உங்களை அனுப்புவதில் சந்தோஷமில்லை."

"தெரியும்" என்றாள். "ஆனால் எனக்கு வருத்தமில்லையே. இல்லாததை எப்படி எழுதுவது?"

வீட்டில் ஜூடித் அழுதாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், மூன்றாம் நாள் டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். "நாலே வரி, அக்கா" என்று கடைசியாக ஒருமுறை சொன்னாள். பதில் வராது என்று தெரிந்து, துணிகளை மடித்து வைத்தாள்.

ஏப்ரலில் மக்தலேனா பஸ்ஸீன் கப்பலேறினாள். வீரப்பனும் அம்சாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள். வீரப்பன் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கி, யாரையும் தொடவிடாமல் தானே மேல்தளம்வரை கொண்டுபோய் வைத்தார்.

பஸ்ஸீன் பள்ளித் தலைமையாசிரியருக்கு அவளைப் பற்றிய கடிதம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அலுவலக வாசலில் மண் கொட்டியது நீங்கள்தானா?"

"ஆமாம்."

"இங்கே அந்த மாதிரி எதுவும் வேண்டாம். எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் உங்களுக்கு. ஆய்வுக்கூடம் கிடையாது."

"காலி அறை ஏதாவது இருக்கிறதா?"

"பின்னால் ஒன்று இருக்கிறது. உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருக்கிறோம்."

"சாவியைக் கொடுங்கள்" என்றாள் மக்தலேனா.