கோட்டைச் சந்தையில் விழுந்தவர்கள்

பழங்காலச் சந்தை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு யாரும் வெளிக்கிட வேண்டாம். டென்மார்க்கில் கோடை வந்தால் இந்தச் சனத்துக்கு ஒரு விசர் பிடிக்கும். பல நூறு வருசத்துக்கு முந்தின உடுப்பைப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்து ஆட்களாகவே நின்று யாவாரம் செய்வார்கள். எண்பத்தைந்தில் கடற்கரையோரம் ஒன்றைப் பார்த்தேன். அது வைக்கிங் சந்தை, ஆயிரம் வருசத்துக்கு முந்தின கடலோடிகளின் காலத்துச் சந்தை. ஆட்டுத்தோல், புகையில் வாட்டிய மீன், மணிமாலை, கம்பளி நூற்கும் பெண்கள். ராசாவும் இல்லை, சண்டையும் இல்லை. எதையும் தொட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு, நாங்கள் இருக்கிற இக்காஸ்ட் ஊரில் புதிதாக வருகிற தமிழ்ச் சனத்துக்கெல்லாம் சந்தை விளக்கம் சொல்கிற பண்டிதர் நான்தான்.

அடுத்த வருசம், மன்னாரில் மீன்பிடித் தொழில் செய்த என் தம்பி பேதுரு வந்து சேர்ந்தான். ஊரில் தனக்கு என்ன நடந்தது என்று பொலிசிடம் அவன் தன் வாயாலேயே சொன்னால்தான் இங்கே இருக்க விடுவார்கள். முதல் விசாரணையில், எதிரே இருந்தவரின் சீருடையைக் கண்டதும் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டான். எனக்குக்கூட அவன் சொல்லவில்லை. அடுத்த விசாரணை செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் ஊமையாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று எனக்கு நித்திரையே இல்லை.

"சனத்துக்கை கூட்டிக்கொண்டு போனால் கொஞ்சம் தெளிவான்," என்றார் என் மனுசன் றொபேட். கோல்டிங் பக்கம் ஒரு பழைய கோட்டையில் சந்தை என்று கேள்விப்பட்டிருந்தோம்.

"அங்கை பட்டாளம் கிட்டாளம் நிக்குமோ அக்கா?" என்று கேட்டான் பேதுரு.

"சீச்சீ! நூல் நூக்கிற பொம்பிளையளும் பாண் சுடுற ஆக்களும்தான். நான் பாத்தனான்தானே," என்று அடித்துச் சொன்னேன். பக்கத்து வீட்டு லூர்தம்மா அக்காவும் செபமாலையோடு காரில் ஏறிக்கொண்டார்.

அம்மாடியோ! கோட்டை வாசலைத் தாண்டியதும் திறந்த வாய் எனக்கு மூடவில்லை. மதிலெல்லாம் கொடி. பட்டுப் போர்த்திய குதிரைகள், வெல்வெட் சட்டை தரையில் இழுபட நடந்த சீமாட்டிகள், தீயை விழுங்கித் துப்புகிற ஒருவன், தலையில் கிரீடத்தோடு உண்மையான ராசா மாதிரியே ஒரு ராசா. மனிதர் இப்படியும் வாழ்ந்தார்களா என்று நான் மலைத்துப்போய் நின்றேன். ஒன்று மட்டும் உறைத்தது. இது வைக்கிங் சந்தை இல்லை. இங்கே தொட விடமாட்டார்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

என்ன பார்க்கப் போகிறோம் என்று யோசிப்பதற்குள் முரசு அடித்தது. இரண்டு பக்கமிருந்தும் இரும்புச் சட்டைக்காரர்கள் வாளோடு கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். பேதுருவின் விரல்கள் என் கையை நெரித்தன.

"இல்லையெண்டெல்லே சொன்னனீ, அக்கா!"

என் பண்டிதத்தனத்தில் இடி விழ! புல்வெளியில் ஒவ்வொருவராக வெட்டுப்பட்டு விழுந்தார்கள். சட்டையில் சிவப்பு வழிந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. துறவி உடுப்புப் போட்ட ஒருவர் மெல்ல மணி அடித்தார். மணிச் சத்தம் கேட்டதுதான் தாமதம், லூர்தம்மா அக்கா புழுதியில் முழங்காலில் நின்று மரித்தோருக்கான செபத்தைத் தொடங்கிவிட்டார். என் கையும் தானாகச் சிலுவை போட்டது, நானும் முழங்காலில் நின்றேன்.

"எழும்புங்கோ, இது நடிப்பு! மானத்தை வாங்காதேங்கோ," என்று றொபேட் பல்லைக் கடித்தார். சுற்றி நின்ற டெனிஸ்காரர் எங்களையும் சந்தையின் ஆட்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அமைதியாக நின்றார்கள்.

எக்காளம் ஊதியது. செத்தவர்கள் எழும்பினார்கள். ஒருவன் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினான், ஒருவன் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடினான், வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் தோளில் கைபோட்டுக்கொண்டு பியர் குடிக்கப் போனார்கள்.

"யேசுவே! நான் செபத்தை முடிக்கேல்லை, அதுக்குள்ளை எழும்பிட்டாங்கள்!" என்றார் லூர்தம்மா அக்கா, கண்ணீரும் சிரிப்புமாக.

ஒருவனால் மட்டும் எழும்ப முடியவில்லை. நல்ல மொத்தமான ஆள். இரும்பின் பாரத்தில், புரட்டிப் போட்ட ஆமை மாதிரி மல்லாந்து கிடந்து கையை ஆட்டினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன், பக்கத்தில் பேதுருவைக் காணவில்லை.

கயிற்றுக்குக் கீழால் நுழைந்து போயிருந்தான். விழுந்து கிடந்தவன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தான். பிறகு குனிந்து, அந்தக் கையைப் பிடித்து, வலை இழுக்கிற இழுவையில் ஆளைத் தூக்கி நிறுத்தினான். அந்த ஆள் தலைக்கவசத்தைக் கழற்றி, வேர்த்துச் சிவந்த முகத்தோடு "தக், தக்," என்று நன்றி சொன்னான். தம்பி கையை விடவில்லை.

நான் ஓடினேன். "விடடா கையை, அந்தாள் போகவேணுமெல்லே."

"சூடாக் கிடக்கு அக்கா."

"என்னடா?"

"இவன்ர கை." என்றான். "சுட்டுப்போட்டு ஆமி போனாப் பிறகு, கடற்கரையிலை கிடந்த எங்கட ஆக்களைத் தூக்கினது நான்தான். என்னோடை தொழிலுக்கு வந்த ஆக்கள். ஒருத்தன்ர கையும் சூடா இருக்கேல்லை."

பிறகு அந்த இரும்புச் சட்டைக்காரனின் முகத்தைப் பார்த்தபடியே, செவ்வாய்க்கிழமை பொலிசிடம் சொல்லவேண்டிய எல்லாவற்றையும் சொன்னான். யார் யார், எந்தப் பாறையடியில், எப்படிச் சுட்டார்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னான். அந்த மனிதனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் தம்பி சொல்லி முடிக்கும்வரைக்கும் அவன் கையை இழுக்கவேயில்லை.