நான்கு மூலையிலும் மஞ்சள்

பொங்கல் கழிந்த இரண்டாம் நாள், வியாழக்கிழமை பிற்பகல், தபால் பை வந்தபோது நான் பெரட்டுப் புத்தகத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். விடிகாலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் புத்தகம் அது. பையை மேசையில் கவிழ்த்து, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு வந்தவை, பெரிய கிளாக்கருக்கு வந்தவை, லயத்து வீடுகளில் இருக்கும் கூலி ஆட்களுக்கு வந்தவை என்று மூன்று அடுக்காக வைத்தேன். அடியில் என் பெயருக்கு ஒரு நீள உறை கிடந்தது. கொழும்பு முத்திரை. பரீட்சைச் சீட்டு ஏப்ரலுக்கு முன்னால் வராது என்பது இரண்டு தடவை எழுதித் தவறிய எனக்குத் தெரியும். ஆகவே அவசரப்படாமல் மற்ற அடுக்குகளை உரிய இடத்தில் சேர்த்துவிட்டு வந்து, பேனாக் கத்தியால் உறையின் மேல் விளிம்பை அறுத்தேன்.

உள்ளே நான் அனுப்பிய விண்ணப்பமே இருந்தது. என் கையெழுத்துத்தான். வைரவநாதன், வயது முப்பத்துநான்கு, தோட்டத்து இரண்டாம் கிளாக்கர், பாடம் இங்கிலீஷ் மொழியும் இலக்கியமும், பட்டம் பீ.ஏ. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. கீழே சாட்சியாகத் துரையின் கையெழுத்து. ஆனால் தாளின் நான்கு மூலையிலும் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். மார்கழி ஈரத்தில் மஞ்சள் ஊறிப் பரவி, ஒரு மூலையில் துரையின் கையெழுத்து வால்வரைக்கும் வந்திருந்தது. கூடவே அரைத்தாளில் ஒரு குறிப்பு. விண்ணப்பம் கறைபட்ட நிலையில் கிடைத்திருக்கிறது, இதை லண்டனுக்கு அனுப்ப இயலாது, புதிய படிவம் இணைத்திருக்கிறோம், அதே சாட்சிக் கையெழுத்துடன் வரும் புதன்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் அடுத்த வருஷம்.

அதைப் படித்ததும் என் மனசில் முதலில் வந்தது என்ன என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கோபம் வரவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை இறக்கியவள் தலைக்கயிற்றைக் கழற்றி நெற்றியைத் தடவிக்கொள்வாளே, அந்த மாதிரி ஓர் ஆறுதல்தான் வந்தது. இந்த வருஷம் போக வேண்டாம். நான் விட்டதாக யாரும் சொல்ல முடியாது. தாளே திரும்பி வந்துவிட்டது.

எட்டு வருஷமாக இதைச் சுமக்கிறேன். பரீட்சை லண்டனுடையது, எழுதுவது கொழும்பில். எனக்கு வாத்தியார் என்று கண்ணால் கண்ட ஒருவர் இல்லை. பாடம் கப்பலில் வரும். கட்டுரை எழுதி அனுப்பினால் போய்த் திரும்ப இரண்டு மாதம். அது சிவப்பு மையோடு திரும்பி வரும் நாளில் நான் என்ன எழுதினேன் என்பதே மறந்திருக்கும். முதல் தடவை, ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பழைய இங்கிலீஷில் தவறினேன். அந்தப் புத்தகத்தை ஒரு நாள் ஆபீசில் வைத்திருந்தபோது துரை புரட்டிப் பார்த்துவிட்டு, இது ஜெர்மன் பாஷையா என்று கேட்டார். உங்கள் பாஷைதான் துரை என்றேன். அவர் இரண்டு வரி வாசிக்கப் பார்த்து, புத்தகத்தை மூடி, தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். இரண்டாம் தடவை பழைய பாஷையில் தேறினேன், கட்டுரையில் தவறினேன். கப்பல் வாத்தியார் முன்னமே சிவப்பு மையில் எழுதியிருந்தார். நீர் எழுதுவது கட்டுரை அல்ல, மேலதிகாரிக்கு மனு. ஒரு கவிதையைப் பற்றி உமக்கு என்ன தோன்றுகிறது என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. உண்மைதான். பத்து வருஷமாகத் துரைக்கும் ஏஜெண்டுக்கும் கடிதம் நகலெடுத்த கை. எனக்கு என்ன தோன்றுகிறது என்று அதனிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஒரு பாடத்தில் தவறினால் எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுத வேண்டும் என்பது விதி.

"அடி ஆத்தே, மஞ்ச வச்ச கடுதாசி! கிளாக்கரய்யா வீட்ல யாருக்குக் கல்யாணம்?"

ஜன்னலுக்கு வெளியே அங்கம்மா நின்றாள். ஆறாம் நம்பர் லயத்துக் கிழவி. நாமக்கல்லிலிருந்து வரும் கடிதங்களை என்னிடம்தான் வாசித்துக் கேட்பாள்.

"கல்யாணம் ஒண்ணும் இல்ல. பரீட்சைக் கடுதாசி."

"இன்னுமா முடியல? எம் பேரன் பொறந்தப்ப படிக்கிறேன்னீங்க. அவன் இப்ப அரைப்பேரு போட்டு அரைச் சம்பளத்துக்கு மலைக்குப் போறான்."

"முடிஞ்சிரும் அங்கம்மா."

"ஆனா மஞ்ச வச்ச கடுதாசி திரும்பி வந்து நான் பாத்ததில்லைங்கய்யா. இழவுக் கடுதாசியத்தான் வாசலோட கிழிச்சுப் போடுவோம். நல்ல சேதிய எவன் திருப்பி அனுப்புவான்?"

அவளுடைய கடிதத்தை வாசித்துச் சொல்லி அனுப்பிவிட்டு, என்னுடையதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மஞ்சள் எப்படி வந்தது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த மலை ஈரத்தில் கடையில் வாங்கும் உறைகள் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே கோந்து இல்லாத உறை வாங்கி, சோற்றுப் பசையால் ஒட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒட்டுவது என் மனைவி பரிமளத்தின் வேலை.

நான் போனபோது அவள் கொடியில் காயாத துணிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தாளை மேசையில் விரித்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். எழுத்து வாசிக்க அவளுக்குத் தெரியாது. மஞ்சளைத் தெரியும்.

"ஏன் திரும்பி வந்திருக்கு?"

"கறை பட்ட தாளை லண்டனுக்கு அனுப்ப மாட்டாங்களாம். புதுத் தாள் அனுப்பியிருக்காங்க."

"கறையா? மஞ்சளா கறை?" சிரிக்கத்தான் பார்த்தாள். "லண்டன்ல மஞ்சள் கெடையாதுங்களா?"

"நல்ல காரியத்துக்கு வைக்கிறதுதான். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பரிமளம்."

அவள் தாளின் ஓரத்தை விரலால் தொட்டாள். அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். மூன்று தடவை நிரப்பி அனுப்பியும் கண்ணில் படாத ஒன்று. படிவத்தைச் சுற்றி நாலு பக்கமும் தடித்த கறுப்புக் கோடு அச்சிட்டிருந்தது.

"நான் பரீட்சைக்காக வைக்கலீங்க," என்றாள். "இந்தத் தடவைதான் நானே உறையில போடலாம்னு எடுத்தேன். சுத்தி வரக் கறுப்பு. நடுவுல உங்க பேரு. உங்க பேரு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும், அந்த ஒண்ணு தெரியும். எங்க அண்ணன் பேதியில போனப்ப புதுக்கோட்டையிலேருந்து வந்த கடுதாசி அப்பிடித்தான் இருந்துச்சு. தொரையோட அம்மா செத்தப்ப வந்த கடுதாசிக்கும் கறுப்புக் கரைதான்னு நீங்கதானே சொன்னீங்க? வெள்ளைக்காரங்களுக்கும் அதேதானேன்னு நெனச்சேன். அந்தக் கறுப்புக்குள்ள உங்க பேர வச்சுக் கடல் தாண்டி அனுப்ப எனக்குக் கை வரல. அதான் மூலைக்கு மூலை வச்சு அடைச்சேன்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான், "சரி விடு. இந்த வருஷம் போகட்டும்னு பாக்கிறேன்," என்றேன்.

அவள் முகம் மாறியது. "புதுத் தாள் அனுப்பியிருக்காங்கன்னீங்களே?"

"அனுப்பியிருக்காங்க. எனக்குத்தான் அலுத்துப் போச்சு."

"அலுத்துப் போச்சுன்னு எனக்காகச் சொல்றீங்க." குரல் உடையவில்லை, ஆனால் தணிந்துபோயிற்று. "எட்டு வருஷத்துல ஒரு நாள் அலுப்புன்னு சொன்னவர் இல்ல நீங்க. என் கைபட்டு நின்னு போச்சு."

அலுப்பு என்று நான் சொன்னதில்லை என்பது மெய். சொல்லாமலே எட்டு வருஷம் படித்திருக்கிறேன். இப்போது சொன்னால் நம்ப ஆள் இல்லை.

அன்றிலிருந்து அவள் மஞ்சள் கிண்ணத்தைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமையும் முகத்துக்குப் பூசாமல் குளித்தாள். நான் கவனித்தேன் என்பதை அவளும் கவனித்தாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பதுளைக்கு இறங்கினேன். பஜாரில் ஜௌபரின் புடவைக்கடை. அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்குப் பலகை. இந்தப் படிப்பையும் ஒரே நாளில்தான் ஆரம்பித்தோம். மூன்றாம் வருஷம் அவன் புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிட்டு, இறந்துபோன வாப்பாவின் கடையில் உட்கார்ந்துகொண்டான். ரயில் பதுளைக்கு வந்தபிறகு கடை பெருத்திருந்தது. அவனும் பெருத்திருந்தான்.

நான் சொன்னதை எல்லாம் சீத்தைத் துணியை மடித்துக்கொண்டே கேட்டான். மஞ்சள் என்ற இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தான். முடிவில், "உனக்குச் சந்தோஷமா இருந்திச்சா?" என்று கேட்டான்.

"எது?"

"தாள் திரும்பி வந்தது. மறைக்காத மச்சான். எனக்குத் தெரியும்."

நானும் ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"நான் ஏன் விட்டேன்னு ஊர்ல கேட்டுப் பாரு. வாப்பா மவுத்தாயிட்டாரு, கடையப் பாக்க ஆள் இல்ல, பாவம் பொடியன், இல்லாட்டி பீ.ஏ. ஆயிருப்பான்னு சொல்லுவாங்க. நான்தான் அப்பிடிச் சொல்லி வச்சேன். ஆனா வாப்பா மவுத்தாகிறதுக்கு ஆறு மாசத்துக்கு முந்தியே நான் புத்தகத்தத் தொறக்கிறத விட்டுட்டேன். அவரு மேல போட்டுட்டுத் தப்பிச்சேன். மவுத்தானவருக்கு அது தெரியாது." துணியை மற்றக் கட்டோடு சேர்த்து வைத்துத் தட்டினான். "ஒம் பொஞ்சாதி உசிரோட இருக்கா. அவ மேல போட்டா, தினம் சோறு போடுறப்ப ஒம் மொகத்தப் பாப்பா. அத யோசிச்சுக்க."

"அப்ப எழுதச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீ விடு, இல்ல விடாத. ஆனா விடுறதுன்னா நீயே விடு. பழிய அவ மேல வைக்காத."

"நான் சொன்னா அவ நம்பலையே."

"எட்டு வருஷம் பொய் சொன்னா அப்பிடித்தான்," என்றான். பிறகு இஞ்சித் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தான். வேறு கதை பேசினோம். பேச்சு அதிகம் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. பனி வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து நின்றது. மறுநாள் காலைத் தபாலில் போனால்தான் புதன்கிழமைக்குள் கொழும்பு சேரும்; துரையின் சாட்சிக் கையெழுத்தை விடிகாலைப் பெரட்டில் வாங்கிக்கொள்ளலாம். சாப்பிட்டு முடிந்ததும் நான் புதிய படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பரிமளம் ஒன்றும் கேட்காமல் மைக்கூட்டைக் கொண்டுவந்து வலப்பக்கம் வைத்தாள். நான் எழுதத் தொடங்கியதும் சற்றுத் தள்ளி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தவறிக்கூடத் தாளைத் தொட்டுவிடக் கூடாது என்று நின்றாள்.

பெயர். வயது. உத்தியோகம். பாடம். இதற்கு முன் பரீட்சைக்குத் தோற்றிய வருஷங்கள் என்ற இடத்தில் இரண்டையும் எழுதினேன். இந்தப் படிப்பால் எதை நாடுகிறீர் என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. பட்டம் கிடைத்தால் பதுளைப் பள்ளியில் மேல்வகுப்புக்கு ஆசிரியராகலாம், தோட்டத்து வீட்டை விட்டு டவுனுக்குப் போகலாம் என்று கல்யாணமான புதிதில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் அதை ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தியதில்லை. நானும் அதன்பிறகு சொன்னதில்லை. கடைசி வரியில் கையெழுத்திட்டுப் பேனாவை வைத்தபோது, தூரத்து மலைக்கு வேலி போட்டுவிட்டு வந்தவன் மாதிரி முதுகு வலித்தது.

மை காயவில்லை. அந்த ஈரத்தில் எழுத்துகள் மினுங்கிக்கொண்டே கிடந்தன. ஒற்றும் தாள் ஆபீசில் இருந்தது. ஆபீஸ் பூட்டியிருந்தது. ஊதிப் பார்த்தேன். ஓர் எழுத்தின் ஓரம் கசியத் தொடங்கியது.

"இப்பிடியே வச்சா இதுவும் கெட்டுப் போகும்," என்றாள் பரிமளம். "தணல் இருக்கு. குடுக்கிறீங்களா?"

கையை நீட்டவில்லை. நான் தருவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதை விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பின் முன் முழந்தாளிட்டு, தணலுக்கு ஒரு சாண் மேலே தாளைப் படுக்கையாகப் பிடித்தாள். கீழிருந்து வந்த வெளிச்சத்தில் அவள் தாடை சிவந்தது.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"உங்களுக்குப் போக ஆசைதானே?"

"அதான் எழுதியாச்சே."

"நான் அதக் கேக்கல."

தணலில் ஏதோ ஒன்று வெடித்து அடங்கியது. தாளின் நடுவில் இளஞ்சூடு ஏறி, மறுபக்கத்து எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை அசையாமல் இருந்தது. மை காய்ந்திருக்கும். எடுத்துவிடலாம் என்று நான் சொல்ல வேண்டும். தாளின் தூர விளிம்பு மெல்ல மேல்நோக்கிச் சுருளத் தொடங்கியது. நாங்கள் இருவரும் அதைக் கண்டோம்.