எட்டாவது தோள்

காலை ஆறு மணியிலிருந்து எவெலியோ சாந்த்ரே காப்பீட்டு அலுவலகத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் சுவர் பூசிய கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய வலத் தோளுக்கு உலோக மூட்டு வைத்து இரண்டு வருடமாகிறது. இப்போது கை மார்புக்கு மேல் எழவில்லை. மூன்று சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, மூட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் தழும்பை அறுத்துவிடலாம், கிருமி உண்டா என்று ஒரு துணுக்குச் சதையும் எடுத்துப் பார்க்கலாம், தோளைத் திரும்பப் பிளக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேஸ்திரி ஆகஸ்டு வரைக்கும்தான் வேலையை வைத்திருப்பான். காப்பீட்டின் ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி.

எண் வந்ததும் மகள் நூபியாவும் கூடவே எழுந்தாள். ஜன்னலுக்குள் இருந்த பெண் ஒரு பத்திரிகைப் படத்தைத் திருப்பி வைத்தாள். போபயான் நகரத்துத் தெரு, இந்த வருடத்துப் புனித வெள்ளி ஊர்வலம். வியாகுல மாதாவின் சப்பரத் தண்டுக்குக் கீழே, நீல அங்கியில், எவெலியோ.

"இது நீங்கதானே, ஐயா?"

"நான்தான்."

சப்பரத்துக்கு எட்டுப் பேர். பின்பக்கத்து வலது மூலை சாந்த்ரே குடும்பத்துடையது. தாத்தா, அப்பா, அப்புறம் இவர். ஒரு வருடம் ஆள் நிற்காவிட்டால் இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். இவருக்கு மகன் இல்லை. அதனால் மற்ற ஏழு பேரும் பேசிவைத்து, இவர் தோளில் தண்டு படாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டே தூக்கினார்கள். முன்னால் போன லிபார்தோ மூச்சு வாங்கிக்கொண்டே முணுமுணுத்தான்: "மொகத்தையாவது கொஞ்சம் சுளி, மாப்ளே. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி வர்ற." இவர் சுளித்தார். அந்த நொடிதான் படமாகியிருந்தது.

வைத்த மூட்டில் பாரம் ஏற்றியவர் தானே கெடுத்துக்கொண்டார் என்றுதான் ஆகும், ஒப்புதல் கிடைக்காது என்றாள் அந்தப் பெண். பிறகு குரலைத் தணித்தாள். "தூக்கல, சும்மா நின்னேன்னு எழுதிக் குடுங்க. கூட வந்தவங்க ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டா மேல அனுப்பிப் பாக்குறேன்."

"சொல்லிடுங்கப்பா," என்றாள் நூபியா. "இவங்க என்ன தெருத்தெருவாவா போயி சொல்லப் போறாங்க?"

கையெழுத்துப் போடுகிற இருவரும் மாதாவின் முன்னால் பொய்த் தூக்குத் தூக்கியதாக ஒப்புக்கொண்டவர்கள் ஆவார்கள். அது வெளியே தெரிந்தால் எட்டு வீட்டுக்கும் இடம் போகும். எவெலியோ படத்தைப் பார்த்தார். சுளித்த முகம் அப்பாவின் முகம் போலவே இருந்தது.

"தூக்கினீங்களா, இல்லயா?" என்று ஜன்னல் பெண் கேட்டாள்.

"தூக்கினேன்," என்றார். "எங்க வீட்டு ஆளு யாரும் அங்க சும்மா நின்னதில்ல."

அந்தப் பெண் வேறொரு தாளை நகர்த்தினாள்: தன் செயலால் நேர்ந்த சேதம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.

ஜன்னல் பலகை உயரமாக இருந்தது. பிடிக்க வந்த மகளைக் கண்ணாலேயே தடுத்தார். இடக்கையால் வலது மணிக்கட்டைப் பற்றித் தூக்கித் தாளின்மேல் வைத்தார். விரல்களுக்குள் பேனாவைச் செருகினார். பெயரின் மூன்றாவது எழுத்தில் இருக்கும்போதே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.