கீழே மூன்று, நடுவில் இரண்டு

மர்வாவின் நான்கு மாதப் படிப்பு ஒரு புதன்கிழமை மத்தியானம் அழிந்து போனது. அழித்தது அவளுடைய கட்டை விரல்தான்.

இராமநாதபுரத்தில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற விடுதி அது. பார்வையில்லாத பெண்கள் பதினோரு பேர் தங்கி, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஆளுக்கொரு எம்பி3 பிளேயர் உண்டு, ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. உள்ளங்கை அளவுப் பெட்டி, ஐந்து பட்டன், ஒரு குட்டித் திரை. பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்தத் திரையில் எழுத்தாகத்தான் வரும். பார்வையில்லாதவர்களுக்கு இதை எப்படிக் கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. போட்டோ எடுத்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள்.

பெண்கள் எண்ணிக்கையால் சமாளித்தார்கள். கீழே இரண்டு அமுக்கினால் எல்லாவற்றையும் அழிக்கிற இடம், அங்கே நிற்கவே கூடாது. கீழே மூன்று, நடுப்பட்டனை இரண்டு தடவை, பாடம் ஓடும். புதிதாக வருகிறவளுக்குக் குளியலறைக்கு வழி சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

விடுதி நிர்வாகி நாகேந்திரன் ஒருநாள் எல்லாப் பெட்டிகளையும் வாங்கிப் போய், கம்பெனி அனுப்பிய அப்டேட்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பட்டியலின் தலையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. இரண்டாவதாக இருந்தது மூன்றாவதாகிவிட்டது. மர்வா கீழே மூன்று, நடுவில் இரண்டு அமுக்கினாள். நான்கு மாதமாக அவள் அதில் பதிந்து வைத்திருந்த இருநூற்றாறு பாடம் போனது. அது தெரியாமல் இயர்போன் வயரைத்தான் வெகுநேரம் முறுக்கிப் பார்த்தாள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி, மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டரும் சொல்லித் தருகிற பூமயில், கமுதிப் பக்கத்துக்காரி, பிறவியிலேயே பார்வையில்லாதவள், நேராக நாகேந்திரன் அறைக்குப் போனாள்.

"சார், அப்டேட் போட்டா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நல்லதுக்குத்தானம்மா போட்டேன். திரைக்கு ஆறு கலர் புதுசா வந்திருக்கு."

"எங்களுக்கா சார்?"



அன்றைக்கே பூமயில் தேட ஆரம்பித்தாள். பெட்டியை உள்ளிருந்து நடத்துகிற மென்பொருளை ஃபர்ம்வேர் என்பார்கள். கம்பெனி போட்டதைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட முடியும் என்று அவள் படித்திருந்தாள். இதே மாதிரிப் பிளேயர்களுக்கு நாலைந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் இந்த மாடலுக்கு அதில் எதுவும் இல்லை.

கீழக்கரையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற சூஃபியாவைக் கூப்பிட்டாள். கல்லூரியில் ஒரே பெஞ்சு. சூஃபியா பெட்டியைப் பிரித்து, உள்ளே மூன்று புள்ளிகளில் மயிரிழை வயரைப் பற்ற வைத்துக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். பெட்டி எழுந்திருக்கும்போது தனக்குள் பேசிக்கொள்வதெல்லாம் எழுத்தாக வந்து விழுந்தது. கம்ப்யூட்டர் அதைப் பூமயிலின் காதில் படித்துச் சொன்னது.

"என்னடி சொல்லுது?"

"பொறு. வாய் ஓயாமப் பேசுது. கண்ணுள்ளவங்களுக்குத்தான் இது ஊமைப் பெட்டி."

இணையத்தில் திறந்து கிடந்ததை இந்தப் பெட்டிக்குத் தக்கபடி பூமயில் மாற்றி எழுத ஐந்து மாதம் ஆனது. எழுதியதைப் போட்டுப் பார்த்ததில் முதலில் பூமயிலின் பெட்டி செத்தது. பிறகு மர்வா தன் பெட்டியை நீட்டினாள். "இதுல இனி அழிய ஒன்னுமில்லக்கா, வச்சுக்கங்க." அதுவும் செத்தது. சூஃபியா உள்ளே இரண்டு புள்ளிகளைக் கொண்டை ஊசியால் தொட்டுப் பிடிக்க, இரண்டும் உயிர்த்தன. அதற்குப் பிறகு பூமயிலுக்குப் பயம் விட்டுப் போனது.

பட்டியலைப் பேசுகிற குரல் சூஃபியாவுடையது. கடையை மத்தியானம் சாத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தாள். பட்டனில் விரல் பட்டதும் பெட்டி சொல்லும்: "இங்கன பாடம் இருக்கு." இன்னும் கீழே போனால்: "இது அழிக்கிற எடம். நெசமாத்தானா? அப்படின்னா அஞ்சு எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடி." சார்ஜ் இறங்கினால்: "எனக்கு மூச்சு முட்டுது, வயரைக் குத்து."

பதினோரு பெட்டியும் பேச ஆரம்பித்த அன்று, மர்வா அழிக்கிற இடத்துக்கே பத்துத் தடவை போய்ப் போய் வந்தாள். "நெசமாத்தானான்னு கேக்குது லாத்தா, இந்தா பாருங்க, கேக்குது," என்று சூஃபியாவுக்கு போன் போட்டுக் கேட்க வைத்தாள்.

நாகேந்திரனும் கேட்டார். "என்னம்மா இது, பஸ் ஸ்டாண்டுல பேசுற மாதிரி இருக்கு. நல்ல தமிழ்ல சொல்லக் கூடாதா?"

"நாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போறவங்கதான் சார்."

எழுதியதை எல்லாம் பூமயில் தன் பெயரைப் போட்டு இணையத்தில் வைத்தாள். அதைக் கம்பெனி பார்த்துவிட்டது. திங்கட்கிழமை ஆள் வருகிறார், எல்லாப் பெட்டியிலும் பழையதையே திரும்பப் போட்டுவிடுவார், ஒத்துழைக்க வேண்டும் என்று கடிதம். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

"எல்லாத்தையும் வாங்கி ஒரு கூடையில போட்டுக் கொண்டாம்மா," என்றார் நாகேந்திரன். "அவங்க குடுத்த பொருள். நாளைக்கு வேற எதுவும் குடுக்காமப் போயிட்டா?"

"குடுத்தது குடுத்ததுதானே சார். கொண்டு வாரேன்."

திங்கட்கிழமை வினோத்குமார் என்ற அதிகாரி லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார். பூமயில் கூடையை மேசையில் வைத்தாள். நாகேந்திரன் அதை இழுத்தபோது அது எடையே இல்லாமல் வந்தது.

"என்னம்மா இது?"

"கேட்டேன் சார். யாரும் போடல. நானும் போடல."

பூமயிலுக்குப் பின்னால் பத்துப் பேரும் வந்து நின்றார்கள். வராந்தா முழுக்கச் செருப்புச் சத்தம்.

வினோத்குமார் பொறுமையாகத்தான் பேசினார். "மேடம், கம்பெனி சாஃப்ட்வேர்தான் பாதுகாப்பு. இதுல ஏதாவது கோளாறுன்னா யாரு பொறுப்பு?"

"உங்க சாஃப்ட்வேர்ல இருநூத்தாறு பாடம் போச்சு. அதுக்கு யாரு சார் பொறுப்பு?"

"அது யூசர் மிஸ்டேக்."

"சரி. இனிமே அந்தப் பட்டியல்ல ஒரு வரிகூட மாத்த மாட்டோம், எங்க சாஃப்ட்வேரும் இதே மாதிரி பேசும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே குடுத்துர்றோம்."

"அதை நான் எப்படிப் போட முடியும்?"

"அப்ப நாங்க எப்படிக் குடுக்க முடியும்?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வினோத்குமார் பையைத் திறந்தார். கம்பெனி மென்பொருளை நீக்கியதால் வாரண்டி கிடையாது, பழுது பார்க்க மாட்டோம், மாற்றுப் பெட்டியும் தர மாட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் படிவம். ஆளுக்கொன்று. "இதுல வச்சுருங்க. ஆனா நல்லா யோசிச்சுக்கங்க." மைப்பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"மை எதுக்கு சார்?"

"பார்வை இல்லாதவங்கன்னா கைநாட்டுத்தான் நடைமுறை."

"மொதல்ல முழுசா வாசிங்க. ஒரு வரி விடாம."

அவர் வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள், வாசித்தார். பிறகு பூமயில் ஸ்கேல் ஒன்று கேட்டு வாங்கி, கோட்டில் அவரையே வைக்கச் சொல்லி, பேனாவால் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து மேலே ஏறிப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும்.

அடுத்து மர்வா. அவளுக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை. மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார் நாகேந்திரன். மர்வா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். பையிலிருந்து பிரெய்ல் பலகையை எடுத்து, படிவத்தை அதில் செருகி, ஊசியால் தன் பெயரைக் குத்த ஆரம்பித்தாள். டக், டக், டக்.

"ஏம்மா, இதை ஆபீஸ்ல யாருக்கும் படிக்கத் தெரியாதே," என்றார் வினோத்குமார்.

"இங்கன கொண்டாங்க சார்," என்றாள் மர்வா, குத்துவதை நிறுத்தாமல். "நாங்க படிச்சுச் சொல்றோம்."

அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.