உடன்பிறந்தார் யாரும் இல்லை

நிலக்கோட்டையில் ஆசிரியையாக இருக்கும் ரீனா, தன் வகுப்புப் பிள்ளைகளைத் திண்டுக்கல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். நடுகற்களைத் தாண்டி, மரச்சிற்பங்கள் இருந்த அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது அவர்கள் வீட்டு மிக்கேல் சம்மனசு சொரூபம், வானதூதரின் மரச்சிலை. சிறுவயதில் அவள் கீழே போட்டு உடைத்த இறக்கை நுனி இன்னும் மொட்டையாகவே இருந்தது.

சாகும்போது அப்பா அதை அவளுக்கென்றுதான் சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவள் கேட்டபோது, "கரையான் அரிச்சுப் போச்சுக்கா, எரிச்சிட்டேன்" என்று கண்கலங்கினான் தம்பி பிராங்கிளின். அவனைத் தேற்றியதே அவள்தான்.

பெட்டியின் கீழே, 'நன்கொடை: பிராங்கிளின்' என்று எழுதியிருந்தது.

காப்பாட்சியரிடம் போய் விசாரித்தாள். அவர் நன்கொடைக் கோப்பை எடுத்துக் காட்டினார். சொரூபத்துக்கு வேறு வாரிசு இல்லை என்பதற்காக, 'நான் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. உடன்பிறந்தார் யாரும் இல்லை' என்று தம்பி கைப்பட எழுதிக் கொடுத்திருந்தான்.

அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டாள்.

"உனக்குக் குடுத்தா உன் மாமியா வீட்டோட போயிரும்க்கா. இங்கன்னா நம்ம குடும்பத்துப் பேரு நிக்கும்ல?" என்றான்.

"சொரூபம் போனாப் போகுதுடா. நான் பொறக்கவே இல்லைன்னு எழுத உனக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

போனை வைத்தாள்.

காப்பாட்சியரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, தான் பிராங்கிளினின் அக்கா என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"சொரூபம் இங்கயே இருக்கட்டும் சார். இதையும் அந்தக் கோப்புல சேத்துக்கங்க" என்று தாளை அவரிடம் நீட்டினாள்.