மூக்கு வைத்த ஒன்று

மருந்துக் கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் சிஸ்டம் அக்காவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. கையிலிருந்த துண்டுச்சீட்டில் கடைசியாக இருப்பது ஒன்றா, ஏழா? இதோடு பத்தொன்பது கம்ப்யூட்டர்களை முடித்திருந்தாள். சிலவற்றில் ஒன்று போட்ட ஞாபகம், சிலவற்றில் ஏழு. எது எதில் என்று கேட்டால் தலை சுற்றியது. ஆனால் எல்லாமே வேலை செய்தன. தப்பான எண் என்றால் ஒன்றுமே திறக்காமல் அல்லவா நிற்க வேண்டும்?

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் சிஸ்டம் அக்காதான். பதினோரு வருடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவளை, பொறுமைசாலி என்று சொல்லிக் கம்ப்யூட்டர் பிரிவில் தூக்கிப் போட்டிருந்தார்கள். நேற்று ஒருவர் வந்து ஃபயர்வால் மாட்டிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர்கள் இனி வெளியே யாரிடமும் வழி கேட்க முடியாது. லேப் ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்பதைக்கூட உள்ளே வழி சொல்ல வைத்திருக்கும் டி.என்.எஸ். பெட்டியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சீட்டில் எழுதிக் கொடுத்த அந்தப் பெட்டியின் எண்ணை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கையால் போடுவது அவள் வேலை.

லேப்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? மூணாவது மாடி ஆறாம் பெட்டுக்குப் பொட்டாசியம் ஆறரை. எட்டு மணிக்கே ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். போன் பண்ணினா, நாலுதானே காட்டுது, டாக்டர் பாத்து வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாருங்கறாங்க."

"ஆறரைன்னா ஜாஸ்தியா?"

"நெஞ்சு நின்னுரும்க்கா."

படியேறி ஓடினாள். தலைமை நர்ஸின் திரையில் அதே பெயர், அதே பதிவு எண், பொட்டாசியம் நாலு. லேப்காரர் பொய் சொல்கிற ஆளில்லை. திரையும் பொய் சொல்லாது. ஒரே மனிதனின் ரத்தம் கீழே ஆறரையாகவும் மேலே நாலாகவும் எப்படி இருக்கும்? கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். மூலையில் எறும்பு மாதிரி தேதி. வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய்.

ரிப்போர்ட்டுகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றியது வெள்ளிக்கிழமைதான். பழைய பெட்டியை அன்றே அணைக்கச் சொல்லியிருந்தார்கள். எதுக்கும் இருக்கட்டும் என்று அவள்தான் அணைக்காமல் விட்டாள். அதன் எண் ஏழில் முடியும். அதனிடம் வழி கேட்டால், மாற்றியதே தெரியாமல், தன்னிடம் இருக்கும் பழைய ரிப்போர்ட்டைத்தானே நீட்டும்?

"ஆறாம் பெட்காரர் எங்க சிஸ்டர்?"

"இப்பத்தான் லிஃப்ட்ல இறங்கினாங்க."

வாசலில் வாடகைக் காரில் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார் அந்த மனிதர். அறுபது வயது இருக்கும். மனைவி பையை மடியில் வைத்து ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டம் அக்கா கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அல்லாத தான் என்ன சொல்வது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"போகாதீங்க ஐயா. உங்க ரிப்போர்ட் தப்பா காட்டிருச்சு. கம்ப்யூட்டர்ல கோளாறு."

"உங்க கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியில்லன்னா அதைப் படுக்க வைங்கம்மா. நான் எதுக்குப் படுக்கணும்?"

அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் மனைவி மட்டும் பையோடு இறங்கினாள். "இறங்குங்க," என்றாள் கணவனிடம். "இந்தம்மா கதவை விடவே மாட்டேங்கறாங்க பாருங்க."

சக்கர நாற்காலியில் அவரை மேலே கொண்டுபோனார்கள். டாக்டர் ஊசி எழுதிக்கொண்டிருக்கும்போதே தலைமை நர்ஸ் அவளைத் தனியே இழுத்தாள். "மெஷின் தப்பா, ஆள் தப்பா?"

"ஆள்தான் சிஸ்டர். நான்தான்."

சொல்லிவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் வாயிலிருந்து வரும் என்று அவளே நினைக்கவில்லை. நர்ஸ் திட்டுவாள் என்று நின்றாள். நர்ஸோ, "வேற எந்த ரூம்லெல்லாம் இப்படி?" என்றாள். சிஸ்டம் அக்கா துண்டுச்சீட்டை வெளியே எடுத்தாள்.

ஃபயர்வால்காரரைப் போனில் பிடித்து, சீட்டில் கடைசி எண் என்ன என்று கேட்டாள்.

"ஒண்ணுதான் மேடம். நான் ஒண்ணுக்கு மூக்கு வெச்சு எழுதுவேன்."

"அப்ப ஏழு?"

"ஏழுக்கு நடுவுல கோடு போடுவேனே. எல்லாருக்கும் தெரியுமே."

போனை வைத்தாள். பழைய பெட்டி இருக்கும் அறைக்குப் போய், இரண்டு முறை எண்ணைச் சரிபார்த்து, அதன் பித்தானை அழுத்திப் பிடித்தாள். விசிறிச் சத்தம் அடங்கியது. தப்பான ரிப்போர்ட்டைக் காட்டுவதற்குப் பதிலாக ஒன்றுமே காட்டாமல் இருக்கட்டும். எந்தெந்த அறையிலிருந்து கூப்பாடு வருகிறதோ, அங்கெல்லாம் ஏழு.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. எக்ஸ்ரே அறை. குழந்தைகள் பிரிவு. இரண்டாவது மாடி பெண்கள் வார்டு. சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். குழந்தைகள் பிரிவுக்குக் காலையில் போனாளா? போகவே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பெண்கள் வார்டுக்கு ஓடினாள்.

"காலையிலிருந்து இதுல யார் யார் ரிப்போர்ட் பாத்தீங்க?"

"ரவுண்ட்ஸ்ல எல்லாருதும் பாத்தோமே அக்கா. அதைப் பாத்துத்தான் ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினோம்," என்றாள் நர்ஸ்.

அவளுக்குப் பின்னால் ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. ஆயாம்மா வெள்ளை விரிப்பை உதறினாள். அது காற்றில் உப்பி எழுந்து, ஒரு கணம் அப்படியே நின்று, மெத்தை மேல் மெல்லப் படிந்தது.